லத்தீன், பிரெஞ்சு, தமிழ், ஆங்கிலம்: மலையிலிருந்து மொழி ஆசிரியராகப் போக எந்த வழி?

ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலோ குன்னூர் பிராவிடன்ஸிலோ பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, "எனக்கு மொழிதான் வரும். உயர்நிலைப் பள்ளியில் மொழி ஆசிரியராக வேண்டும். எந்த வழியில் போகலாம்?" என்று கேட்பவர்கள் நிறைய. அவர்களில் சிலர் லத்தீன் என்றே பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். கொடைக்கானல் பக்கமிருந்தும் அதே கேள்வி வருகிறது.

சமவெளியில் இதைக் கேட்டால் சிரித்துவிடுவார்கள். மலையில் சிரிக்க மாட்டார்கள், அதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்னும் சர்வதேசப் பாடத்திட்டத்தை முதலில் கொண்டுவந்தது கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976-ல். அந்த ஐ.பி.யில் லத்தீன் ஒரு தேர்வுப் பாடம். ஊட்டியில் ஹெப்ரான், குட் ஷெப்பர்ட் போன்ற பள்ளிகள் பிரிட்டிஷ் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார் செய்கின்றன. அங்கே பத்தாம் வகுப்புக்குச் சமமான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வின் பாடப் பட்டியலிலும் லத்தீன் இருக்கிறது. கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் 1895 முதல் ஏசு சபையினரின் பயிற்சி இல்லம் உண்டு. 1960-களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைத் தாய்மொழிக்கு மாற்றும்வரை குருமாணவர்களுக்கு லத்தீன் தெரியாமல் ஒரு நாள் கழியாது. இன்னும் பின்னே போனால் வீரமாமுனிவர். 1738-ல் தரங்கம்பாடியில் அச்சான அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் லத்தீனில் எழுதப்பட்டது. ஆகவே ஆசை வருவதில் தப்பில்லை.

ஆனால் பாடத்திட்டப் பட்டியலில் ஒரு பாடம் இருப்பது வேறு, அதற்கு ஒரு பள்ளி சம்பளம் கொடுத்து ஆள் வைப்பது வேறு. என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மொழி என்று தொடங்குபவர்கள் குழம்புகிறார்கள். எந்த ஊரில், எந்த வகைப் பள்ளியில் நின்று பாடம் நடத்தப் போகிறோம் என்று தொடங்கினால் மொழி தானாக முடிவாகிறது. கீழே உள்ளதை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

எதை வைத்து எடை போடுவது

முதலாவது, இடம். பத்து வருடம் கழித்தும் மலையில்தான் இருக்க வேண்டுமா, வெளியூர், வெளிநாடு பரவாயில்லையா? பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கும், கட்டுப்பாடு இல்லாத பிள்ளைக்கும் ஒரே பதில் கிடையாது.

இரண்டாவது, முதல் சம்பளம் வரும்வரை எத்தனை வருடம், அதுவரை யார் பணம்.

மூன்றாவது, அந்த மொழி இன்றைக்கு உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது. பாடம் நடத்தும் பயிற்சி வேறு, பாடம் வேறு. பயிற்சிக் கல்லூரி உங்களுக்கு மொழியைக் கற்றுத் தராது.

நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: திட்டம் கைவிட்டால் அந்தச் சான்றிதழ் வேறு எங்கே செல்லும்? பள்ளி நிர்வாகம் மாறும், அரசாங்கக் கொள்கை மாறும், ஒரு பாடத்தையே எடுத்துவிடுவார்கள். அப்போது கையில் என்ன இருக்கும் என்பதை இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் வழி: லத்தீன், பயிற்சி இங்கிலாந்தில்

லத்தீன் ஆசிரியராவதற்கென்றே பயிற்சி தரும் இடங்களில் பெயர் பெற்றவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும். படிப்பின் பெயர் பி.ஜி.சி.இ., ஒரு கல்வியாண்டு. அதில் பெரும்பகுதியைப் பள்ளியில்தான் கழிக்க வேண்டும். முடிக்கும்போது க்யூ.டி.எஸ். என்னும் ஆசிரியத் தகுதியும் சேர்ந்து கிடைக்கும். நம்முடைய பி.எட். இரண்டு வருடம், அங்கே ஒரு வருடம் என்று கேட்டதும் பலருக்கு மனம் இளகிவிடுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அந்த ஒரு வருடத்துக்குள் நுழைய லத்தீன் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் தெரிந்தால் போதாது. அங்கே பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான ஏ லெவலில் சிசரோவின் உரைநடையும் வெர்ஜிலின் செய்யுளும் பாடமாக வரும். முன்பின் பார்க்காத பத்தியைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பவர் அதைவிட நாலு படி மேலே இருக்க வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் படித்தவர் பூஜ்ஜியத்தில் தொடங்கினால், தினமும் உட்கார்ந்து படித்தாலும் மூன்று நான்கு வருடம் ஆகும் என்பது என் கணக்கு. ஆகவே இது ஒரு வருடப் படிப்பு இல்லை, ஐந்து வருடத் திட்டம். அதில் முதல் நான்கு வருடத்துக்குச் சான்றிதழும் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது.

பணம். உள்நாட்டு மாணவர் செலுத்துவதைப் போல இரண்டு மூன்று மடங்கு கட்டணத்தை வெளிநாட்டு மாணவர் செலுத்த வேண்டியிருக்கும். அதற்கு மேல் விசா, அப்புறம் சுகாதாரக் கட்டணம் என்று மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, அப்புறம் வாடகை. இன்னொரு பக்கம், பண்டைய மொழிகளுக்கு ஆள் போதாமல் இங்கிலாந்து அரசு பயிற்சி உதவித்தொகை கொடுத்து வருகிறது. 2025–26 கல்வியாண்டுக்கு அது 26,000 பவுண்டு, நம் பணத்தில் முப்பது லட்சத்தை ஒட்டி வரும். பெரிய தொகைதான். ஆனால் தொகையையும், வெளிநாட்டவருக்கு உண்டா இல்லையா என்பதையும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றுவார்கள். போன வருடத்து அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை அடகு வைக்காதீர்கள்.

வேலை கிடைத்தால் சம்பளம் மோசமில்லை. 2025–26-ல் லண்டனுக்கு வெளியே புதிய ஆசிரியருக்குத் தொடக்கம் ஆண்டுக்கு 32,916 பவுண்டு. கேள்வி, எந்தப் பள்ளியில் என்பதுதான். லத்தீன் அங்கேயும் பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளின் பாடம். அரசுப் பள்ளிகளிலும் அதை வளர்க்க வேண்டும் என்று 2021-ல் 40 லட்சம் பவுண்டு ஒதுக்கி ஒரு திட்டம் அறிவித்தார்கள். ஆட்சி மாறியது, 2025 பிப்ரவரியோடு நிதியை நிறுத்திவிட்டார்கள், கல்வியாண்டு பாதியில் இருக்கும்போதே. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2025 ஜனவரி முதல் 20 சதவீத வரி வேறு. செலவைக் குறைக்க நினைக்கும் பள்ளி, எட்டுப் பேர் உட்காரும் லத்தீன் வகுப்பைத்தான் முதலில் பார்க்கும். படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தரும் விசாக் காலமும் 2027 ஜனவரி முதல் இரண்டு வருடத்திலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைகிறது.

இதில் யாரும் எடுத்துச் சொல்லாத செலவு ஒன்று உண்டு. ஊர் திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இங்கே என்ன ஆகும்? தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு என்.சி.டி.இ. என்னும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற ஆசிரியர் பயிற்சி கேட்பார்கள். பி.ஜி.சி.இ.யைக் காட்டி டி.ஆர்.பி.க்கு, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு, விண்ணப்பம் போடலாம் என்று நம்பி இறங்காதீர்கள். சர்வதேசப் பள்ளிகளில் மதிப்பு உண்டு. ஆனால் மலையில் அப்படிப்பட்ட பள்ளிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை, அங்கே லத்தீனுக்கென்று முழுநேர இடம் எதிர்பார்ப்பது வீண்.

பிறகு யாருக்கு இது சரி? வேதாகமக் கல்லூரியிலோ குருமடத்திலோ சில வருடம் இருந்து லத்தீன் ஏற்கெனவே படித்தவருக்கு. வெளிநாட்டில் பட்டப்படிப்பிலேயே அந்த மொழியை எடுத்தவருக்கு. அப்புறம், திரும்பி வரும் எண்ணமே இல்லாதவருக்கு. இந்த மூன்றில் ஒன்றிலும் நீங்கள் இல்லையென்றால் கீழே நான்காவது வழியைப் பாருங்கள்.

இரண்டாம் வழி: பிரெஞ்சு, வேலை மலையிலேயே

பிரெஞ்சுக்கு மலையில் இடம் உண்டு. உறைவிடப் பள்ளிகளில் பலவற்றில் அது இரண்டாம் அல்லது மூன்றாம் மொழி. மாநிலப் பாடத்திட்டத்திலும் பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தேவைப்படுவது: டெல்ஃப் என்னும் பிரெஞ்சு மொழித் தேர்வில் குறைந்தது பி2 நிலை, முடிந்தால் அதற்கு மேலான டால்ஃப் சி1, அதோடு பி.எட். முறையாக எம்.ஏ. பிரெஞ்சு வேண்டுமென்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், ஐதராபாத் எஃப்லு (ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) என்று இடங்கள் உண்டு. டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, அது ஒரு நல்ல விஷயம். வகுப்புக்கும் தேர்வுக்கும் மலையிலிருந்து கீழே இறங்கியாக வேண்டும். இணைய வகுப்புகள் வந்தபின் பாதி பாரம் குறைந்திருக்கிறது.

மறைந்திருக்கும் ஆபத்து சி.பி.எஸ்.இ. பள்ளிகளில். தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்று மொழிகளில் இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலம் ஒன்று, தமிழோ இந்தியோ ஒன்று, மூன்றாவதும் இந்திய மொழி என்றால் பிரெஞ்சு எங்கே உட்காரும்? இதைப் பள்ளிகள் எப்படிச் சமாளிக்கப் போகின்றன என்பது ஒவ்வொரு நிர்வாகத்தையும் பொறுத்தது. வேலைக்குச் சேரும் முன், "அடுத்த மூன்று வருடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பிரெஞ்சு இருக்குமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள். ஐ.பி., ஐ.ஜி.சி.எஸ்.இ. பள்ளிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

உறைவிடப் பள்ளி வேலையின் இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். சாப்பாடு, குவார்ட்டர்ஸ், சில இடங்களில் சொந்தப் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை எல்லாம் உண்டு. சீசனில் ஊட்டியில் வாடகை கேட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். பதிலுக்கு மாலைப் படிப்பு நேரம், விடுதிக் கண்காணிப்பு, ஞாயிற்றுக்கிழமை வெளியே அழைத்துப் போவது என்று நாள் முழுவதும் அவர்களுடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். திருமணம் ஆனவர்கள் இதைச் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.

மூன்றாம் வழி: தமிழ் அல்லது ஆங்கிலம், பி.எட்., டி.ஆர்.பி.

இதைத்தான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பாதி சரி.

பட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம் இருந்தால் பி.எட். சேரலாம். இரண்டு வருடம். குன்னூர்க்காரர்களுக்குக் கோவை பக்கம், கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல், காந்திகிராமம் பக்கம் என்று அமையும். கூடலூர், பந்தலூர் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வது மைசூர். அங்கே என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வி நிறுவனம் இருக்கிறது, தென் மாநிலங்களுக்கென்றே உள்ளது. பிளஸ் டூவில் இருக்கும் தம்பி தங்கைகள் வீட்டில் இருந்தால், அங்கே நான்கு வருட ஒருங்கிணைந்த பி.ஏ.பி.எட். உண்டு என்பதைச் சொல்லி வையுங்கள், ஒரு வருடம் மிச்சம். ஊருக்கு வரும்போது மட்டும் பண்டிப்பூர் பாதை இரவு ஒன்பது முதல் காலை ஆறுவரை மூடியிருப்பதை நினைவில் வைக்க வேண்டும்.

"வகுப்புக்கு வரவேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று சொல்லும் பயிற்சிக் கல்லூரிகளைத் தவிருங்கள். சான்றிதழ் வரும், வகுப்பறை வராது. முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும் முதல் நாள் அது தெரிந்துவிடும். பள்ளிப் பயிற்சி மட்டும் பதினாறு வாரம் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

அப்புறம் தேர்வுகள். பட்டதாரி ஆசிரியராக ஆறு முதல் பத்தாம் வகுப்புவரை நடத்த, டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் தேர்ச்சி வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண், தேர்ச்சிக்குப் பொதுப் பிரிவினர் 90 எடுக்க வேண்டும், மற்றப் பிரிவினருக்கு அதைவிடக் குறைவு. மொழி படித்தவர்கள் இடறும் இடம் இதுதான்: அதில் 60 மதிப்பெண் சமூக அறிவியல் அல்லது கணிதம்-அறிவியல். ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்தவரும் சோழர் நிர்வாகத்தையும் புவியியலையும் மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும். டெட் முடிந்தால் வேலை என்று இருந்த காலம் போய்விட்டது. 2018-ல் அரசு கொண்டுவந்த ஆணைப்படி அதற்கு மேல் டி.ஆர்.பி. நடத்தும் போட்டித் தேர்வு ஒன்று, பின்னால் அதில் தமிழ்த் தகுதித் தாளும் சேர்ந்தது. எம்.ஏ.வும் பி.எட்.டும் சேர்ந்தவர்கள் முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். அதற்கு டெட் தேவையில்லை, 150-ல் 110 சொந்தப் பாடத்திலிருந்தே வரும். மொழியில் ஆழம் உள்ளவர்களுக்கு இதுதான் ஏற்றது. எம்.ஏ.வுக்கு ஆகும் இரண்டு வருடத்தைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

சம்பளம்: பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை 36,400-லும், முதுநிலை ஆசிரியருக்கு 36,900-லும் தொடங்கும். அகவிலைப்படி தனி. மலையில் பணி என்றால் மலைப்படியும் குளிர்காலப் படியும் சேரும். மறைந்திருக்கும் செலவு, காத்திருப்பு. அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதுவரை தனியார் பள்ளியில் அரசுச் சம்பளத்தில் பாதியைக்கூடத் தொடாத தொகைக்கு வேலை பார்க்க வேண்டியிருக்கும். தேர்ச்சி பெற்றாலும் முதல் பணியிடம் நீலகிரியில்தான் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

ஆனால் மலையில் கிடைத்துவிட்டால், மொழி ஆசிரியருக்கு இதைவிட சுவாரசியமான வகுப்பு அமையாது. வீட்டில் படுகு பேசும் பிள்ளை, மலையாளம் பேசும் பிள்ளை, கூடலூர்ப் பக்கம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பிள்ளை, இருளர், குறும்பர் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெஞ்சில். பாடப்புத்தகத் தமிழ் அவர்களில் பலருக்கு வீட்டுத் தமிழ் இல்லை. ஒரு மொழியைப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று நிஜமாகவே யோசிக்க வைக்கும் வேலை அது. லத்தீன் மேல் ஆசைப்பட்டுக் கேட்கிறவர்களுக்கு இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

நான்காம் வழி: பி.எட். முதலில், லத்தீன் பக்கத்தில்

எனக்குப் பிடித்தது இதுதான், மறைக்கவில்லை. பி.எட். முடித்து ஒரு சர்வதேசப் பள்ளியிலோ நல்ல ஆங்கிலவழிப் பள்ளியிலோ ஆங்கிலமோ பிரெஞ்சோ நடத்திக்கொண்டு, லத்தீனை மாலை நேரத்தில் படிப்பது. சம்பளம் வந்துகொண்டிருக்கும், மொழி ஏறிக்கொண்டிருக்கும். பள்ளி ஒத்துக்கொண்டால் சனிக்கிழமை லத்தீன் மன்றம் என்று ஆறு பிள்ளைகளோடு தொடங்கலாம். அதற்கு யாருடைய பாடத்திட்டமும் தேவையில்லை.

இதில் இன்னொரு லாபம். 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இங்கிலாந்தின் க்யூ.டி.எஸ். தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். பதினொன்று முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதம், அறிவியல், மொழிகள் நடத்தும் தகுதி பெற்றவர்களுக்கு மட்டும் அந்த வாய்ப்பு. உங்கள் பாடம் அவர்களின் மொழிப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரெஞ்சு நடத்துபவர்களுக்கு இங்கே கை ஓங்கும். அங்குள்ள தனியார் பள்ளிகள் சட்டப்படி க்யூ.டி.எஸ். கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை, லத்தீன் இடங்கள் பெரும்பாலும் அவற்றில்தான். ஆக, பி.எட். முதலில் படித்தால் லத்தீன் கதவு மூடுவதில்லை. லத்தீன் பயிற்சியை முதலில் எடுத்தால் ஊர்க் கதவு மூடிக்கொள்ளும்.

குறை என்னவென்றால், இது ஒழுங்கு உள்ளவர்களுக்கான வழி. உறைவிடப் பள்ளியில் இரவு ஒன்பதரைக்கு விடுதி விளக்கணைத்துவிட்டு வந்து வினைச்சொல் அட்டவணை மனப்பாடம் செய்ய எல்லோராலும் முடியாது.

ஒரே பார்வையில்

| | லத்தீன், இங்கிலாந்து | பிரெஞ்சு | பி.எட்., டி.ஆர்.பி. | பி.எட். + லத்தீன் |
|---|---|---|---|---|
| முதல் சம்பளம் வர | ஐந்து வருடம் போல | மூன்று, நான்கு வருடம் | தனியாரில் இரண்டு. அரசில் அறிவிப்பைப் பொறுத்து | இரண்டு வருடம் |
| கைப்பணம் | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு | குறைவு |
| மலையில் வேலை | அரிது | உண்டு | உண்டு, இடம் நம் கையில் இல்லை | உண்டு |
| வேலை நிலைப்பு | பள்ளியின் நிதியைப் பொறுத்தது | சி.பி.எஸ்.இ.யில் சந்தேகம் | அரசில் உறுதி | ஆங்கிலத்தின் பலத்தில் நிற்கும் |
| வழி மாறினால் | இங்கே பயன் குறைவு | ஓரளவு | நிறைய | நிறைய |

விண்ணப்பக் காலம்

இரண்டு நாட்டுக் காலண்டரும் மோதிக்கொள்வதில்லை, அதனால் ஒன்றைக் கைவிட்டுத்தான் இன்னொன்று என்ற அவசரம் வேண்டாம். இங்கிலாந்து பி.ஜி.சி.இ. விண்ணப்பம் அக்டோபரில் திறக்கும், வகுப்பு அடுத்த செப்டம்பரில். லத்தீன் இடங்கள் குறைவு, சீக்கிரம் நிரம்பும். தமிழ்நாட்டு பி.எட். சேர்க்கை பட்டப்படிப்பு முடிவுகள் வந்தபின் தொடங்கும். கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள் சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் நகல்களை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோவைக்குப் போய் வரும் நாளைக் கணக்குப் போட முடியாது.